சுடர்க்கொடி, ஆயில்யம்

என்னை மட்டும் வேனுக்குள் விட்டுவிட்டு எல்லோரும் இறங்கிப் போய்விட்டார்கள், கண்ணாடிகளை ஏற்றி, ஒரு பக்கம் மட்டும் இரண்டு விரல் இடம் விட்டு, அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் போகிறவர்கள் மாதிரி ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு. கிளினிக்கின் உள்ளே நான் போகக் கூடாது. அங்கே பெஞ்சு முழுக்க இருமல். புரட்டாசி பாதி தாண்டியதும் கோவில்பட்டியில் பாதிப்பேருக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்துவிடும், மழை இன்னும் சரியாகத் தொடங்கக்கூட இல்லை. முகக்கவசத்துக்குள் என் மூச்சே எனக்குத் திரும்பி வருகிறது, மத்தியானம் சாப்பிட்ட தயிர்சாதமும் சாக்பீஸ் தூளும் கலந்த வாசனையோடு. எனக்குப் போன வாரமே மதுரையில் ஊசி போட்டாகிவிட்டது. இன்றைக்கு இவர்கள் முறை. ரெஜினா டீச்சர், அழகர்சாமி சார், டிரைவர் கொம்பையா. மூன்று பேரும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளப் போயிருக்கிறார்கள், மூன்று பேரும் எனக்காக. முன்பெல்லாம் நான்கு பேர். நான்காவது ஆள் அதோ, சாலைக்கு அந்தப் பக்கம், மூடிக் கிடக்கிற சைக்கிள் கடையின் தகரக் கூரைக்குக் கீழே, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸுக்கு நிற்கிறாள். சீனியம்மாள். ஒன்றாம் வகுப்பு டீச்சர். இத்தனை வருஷமாக இந்த வேனில் என் தோளோடு தோள் உரசி உட்கார்ந்து வந்தவள். நான் பார்ப்பது அவளுக்குத் தெரியும். அதனால்தான் பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

பார்க்கக் கூடாது என்று நினைத்தாலும் கண் அவள் மணிக்கட்டுக்குத்தான் போகிறது. இங்கிருந்து தெரியாது. தெரியாவிட்டாலும் தெரிகிறது, மஞ்சள் கயிறு, அதில் முடிந்த மஞ்சள் துண்டு. திங்கட்கிழமை அதைக் கட்டிக்கொண்டு வந்தவள் என் பக்கத்தில் உட்காராமல் முன்னால் டிரைவர் பக்கத்து சீட்டில் போய் ஏறிக்கொண்டாள். "இந்த வருசம் என்னால ஊசி போட முடியாது டீச்சர். கோயிலுக்குக் காப்புக் கட்டியிருக்கேன். அக்கினிச்சட்டி எடுக்கணும். காப்பு அவுக்கிற வரைக்கும் உடம்புல ஊசி படக் கூடாது, எங்க வீட்டு வழக்கம்." சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அழகர்சாமி சாருக்கு வாய் சும்மா இருக்குமா. "ஏன் டீச்சர், அதே கோயில்ல கன்னத்துல வேலக் குத்திக்கிட்டுப் போறானே, அது ஊசி இல்லையா? அம்மனுக்கு வேலு பிடிக்கும், நர்ஸம்மா ஊசிதான் பிடிக்காதாக்கும்." ரெஜினா சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். சீனி சிரிக்கவில்லை. எனக்கு அப்போது ஏதோ ஒன்று உள்ளே சுருங்கியது. இருக்கட்டும், அவரவர் சாமி அவரவருக்கு, மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அதற்கான நேர்த்திக்கடனாக இருக்கும், பெற்ற வயிறு, நான் யார். நியாயமாகத்தான் யோசித்தேன். நியாயமாக யோசித்த பிறகும் அது சுருங்கியபடியே இருந்தது.

ஏனென்றால் முதன்முதலில் சரி என்று சொன்னவளே இவள்தான். கிட்னி மாற்றி வைத்த ஆபரேஷன் முடிந்து திரும்ப வேலையில் சேர்ந்த வருஷம், மதுரை டாக்டர் கேட்டார், வீட்டில் எத்தனை பேர் என்று. நானும் என் வீட்டுக்காரரும் மட்டும்தான், அவர் போட்டுக்கொண்டார் என்றேன். வீடு தவிர எங்கே அதிக நேரம் மூடிய இடத்தில் இருப்பீர்கள் என்றார். வேனில் என்றேன். அவர் சிரித்துவிட்டு, அப்படியென்றால் வேனும் உங்கள் வீடுதான், அவர்களையும் வருஷா வருஷம் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார். சொல்லுங்கள் என்று அவர் சொல்லிவிட்டார். அதை வேனில் எப்படிச் சொல்வது. ஒரு பேனா இரவல் கேட்கவே கூசுகிறவள் நான். எனக்காக உங்கள் கையில் ஊசி குத்திக்கொள்ளுங்கள் என்று என்ன முகத்தோடு கேட்பது. வேலிக்கருவை ஓடுகிற ஜன்னலைப் பார்த்தபடி, யாரிடமோ சொல்கிற மாதிரி சொன்னேன். ஐயோ கேட்டுவிட்டோமே, இறங்கிவிடலாமா என்று இருந்தது. அப்போது இவள்தான், சீனிதான், "அதுக்கென்ன டீச்சர், ஒரு எறும்புக்கடி" என்றாள். அன்றைக்கு முதலில் இறங்கிப் போனதும் அவளே. ஒரு எறும்புக்கடி. இந்த நாலு நாளாக அந்த வார்த்தைதான் மண்டைக்குள் ஊர்கிறது.

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் போர்டில் வெள்ளணுவை நான் சிப்பாயாக வரைவேன். தொப்பி, கையில் கம்பு. வெளியாள் வந்தால் அடித்து விரட்டுவான் என்பேன், பிள்ளைகள் கை தட்டும். என் சிப்பாய்களைத் தூங்கவைக்க நான் தினமும் இரண்டு வேளை மாத்திரை விழுங்குகிறேன். விழித்தால் வலது அடிவயிற்றில் இருக்கிற புதியவரை வெளியாள் என்று அடித்துவிடுவார்கள். அதனால் எனக்குப் போட்ட ஊசி பாதிதான் வேலை செய்யும், தூங்குகிறவனிடம் திருடனின் அங்க அடையாளத்தைச் சொல்வது மாதிரி. மிச்சப் பாதிக்கு இவர்கள் விழித்திருக்க வேண்டும். கையை வயிற்றில் வைத்துப் பார்க்கிறேன். இருக்கிறார். யாரென்று தெரியாது. ஆணா பெண்ணா என்றுகூட ஆஸ்பத்திரியில் சொல்லவில்லை. விபத்து என்று மட்டும் ஒரு நர்ஸ் வாய் தவறிச் சொன்னாள். தினமும் காலையில் நான் அவருக்கு நன்றி சொல்கிறேன், சாமி படத்துக்கு முன்னால் அல்ல, கக்கூஸில். சிரிக்காதீர்கள். ஒரு டம்ளர் தண்ணீரைப் பயந்து பயந்து நக்கிக் குடித்த நாட்களைக் கடந்து வந்தவர்களுக்குத் தெரியும், ஒன்றுக்குப் போவது எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று. டயாலிசிஸுக்காகப் புடைக்கவைத்த இடதுகை நரம்பு இன்னும் உர்ரென்று ஓடிக்கொண்டிருக்கிறது, தொட்டால் பூனை மாதிரி. முகம் தெரியாதவருக்கு நன்றி சொல்வது எனக்குச் சுலபமாகத்தான் வருகிறது. தினமும் முகத்தைப் பார்க்கிறவர்களுக்குத்தான் வாய் வரவில்லை. ஒருமுறைகூடச் சொன்னதில்லை இவர்களிடம். ஊசி போட்ட வாரத்தில் ஒருநாள் அதிரசமோ முறுக்கோ கொண்டுவந்து டப்பாவைச் சுற்றிவிடுவேன், அவ்வளவுதான். எதற்கு என்று அவர்களும் கேட்பதில்லை.

அதற்காக இவர்கள் சந்தோஷமாகப் போட்டுக்கொள்கிறார்கள் என்று சொல்ல முடியாது. அழகர்சாமி சார் வருஷா வருஷம் கிளினிக் வாசலில் ஒரு பிரசங்கம் வைப்பார். "கிருமி வருசா வருசம் சட்டை மாத்துதாம், அதுக்கு நாம வருசா வருசம் ஊசி மாத்தணுமாம். தீபாவளிக்கு எனக்கே புதுச்சட்டை கிடையாது." எல்லாம் கம்பெனிக்காரன் வேலை என்பார். இதைச் சொல்லிக்கொண்டே வேனுக்குள்ளேயே சட்டைக் கையை மடித்துவிட்டு, முதல் ஆளாகப் போய் நிற்பார். ரெஜினாவுக்கு ஊசி என்றாலே ஜெபம்தான். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நர்ஸின் இன்னொரு கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாளாம், நர்ஸ் ஒற்றைக் கையால் போட வேண்டும். அன்று ராத்திரி தவறாமல் காய்ச்சல் வந்துவிட்டது என்பாள், மறுநாள் லீவு. அது ஊசிக் காய்ச்சலா லீவுக் காய்ச்சலா என்று யாரும் துருவுவதில்லை. கொம்பையாவுக்குக் கையில் போடுவது ஊசியே இல்லை. இடுப்பில் போட்டு, ரெண்டு நாள் நொண்டினால்தான் அது வைத்தியம். "சும்மா ஒரு மருவாதைக்குப் போட்டுக்கிடுறேன்" என்பான். இப்படி ஒருத்தர் நம்பாமல், ஒருத்தர் பயந்து, ஒருத்தர் மதிக்காமல், மூன்று பேரும் போய்விட்டார்கள். நம்பினவள், பயப்படாதவள், மதித்தவள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள்.

காலையில் அது நடந்திருக்கக் கூடாது. வெள்ளிக்கிழமையானால் கொம்பையா டேஷ்போர்டில் ஊதுபத்தி கொளுத்துவான். ஊதுபத்தி என்றால் சீனிக்குத் தும்மல், இது வேனுக்கே தெரியும், எனக்குத்தான் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும், ஊதுபத்தியை வெளியே எறி என்று எத்தனை வெள்ளிக்கிழமை அவனோடு சண்டை போட்டிருக்கிறேன். இன்றைக்கும் தும்மினாள். என் கை தானாக மேலே போய் முகக்கவசத்தை மூக்கோடு அழுத்தியது. நான் செய்யவில்லை, கை செய்தது. பயம் மூளையைக் கேட்டுக்கொண்டா வருகிறது. டிரைவருக்கு முன்னால் தொங்குகிற கண்ணாடியில் அவள் கண் என் கையைப் பார்த்தது. உடனே கண்ணை எடுத்துக்கொண்டாள். பள்ளிக்கூடம் வருகிறவரை ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியபடியே வந்தாள், கரிசல் காட்டுப் புழுதியெல்லாம் அவள் முகத்தில்தான். சாயங்காலம் இங்கே வேன் நின்றதும் மற்றவர்களோடு இறங்கி, "நான் இப்படியே பஸ்ஸுல போய்க்கிடுறேன். அடுத்த வாரமும் பஸ்ஸுலயே வந்துக்கிடுறேன்" என்று கொம்பையாவிடம் சொன்னாள். என்னிடம் இல்லை. ரெஜினா ஏதோ சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டாள். நானும் விட்டுவிட்டேன். ஒரு நிமிஷம் உள்ளே ஒரு நிம்மதி வந்ததே, அதை என்ன சொல்ல. வந்தது. அதன் பின்னாலேயே வெட்கமும் வந்தது.

பயந்ததும் சும்மா இல்லை. போன வருஷம் மருந்து வரவில்லை வரவில்லை என்று கிளினிக்கில் தள்ளிக்கொண்டே போனார்கள், அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வேனில் ஆளுக்கு ஆள் மூக்கை உறிஞ்சினார்கள். யாரிடமிருந்து எனக்கு வந்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும். காய்ச்சல் ஏறி, மூச்சு இழுத்து, மதுரைக்குக் கொண்டுபோனார்கள். ரத்தத்தில் உப்பு ஏறிக்கொண்டே போகிறது, கிட்னி போய்விடலாம் என்று என் வீட்டுக்காரரிடம் தனியாகச் சொன்னதை நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது எனக்குச் சாவைவிடப் பெரிய பயம், அந்த முகம் தெரியாதவருக்கு நான் என்ன பதில் சொல்வது என்பதுதான். கொடுத்ததைக் காப்பாற்றி வைத்துக்கொள்ளத் தெரியாதவள் ஆகிவிடுவேனே. மெல்ல மெல்ல இறங்கியது உப்பு. பொங்கல் கழித்துத்தான் வேலைக்குத் திரும்பினேன். வேன் படியில் கால் வைத்தபோது என் கையைப் பிடித்து ஏற்றிவிட்டது சீனி. உள்ளே இழுத்து உட்கார வைத்துவிட்டுக் கையை விடவேயில்லை, எட்டயபுரம் ரோடு திரும்புகிறவரை. அப்புறம் ஒருநாள், முழுப்பரீட்சை நடந்துகொண்டிருந்தபோது, திடீரென்று கேட்டாள், "டீச்சர், உங்க நட்சத்திரம் என்ன?" எனக்குச் சுரீர் என்றது. ஆயில்யம் என்று சொன்னால் மாமியாருக்கு ஆகாது என்று முகத்தைச் சுளிக்கிற ஆட்களாலேயே என் கல்யாணம் ஆறு வருஷம் தள்ளிப்போனது. வேண்டாவெறுப்பாகச் சொன்னேன். எதற்கு என்று கேட்டதற்கு, "சும்மாதான் கேட்டேன்" என்றாள். வினாத்தாளை எண்ணப் போய்விட்டாள்.

தகரக் கூரையில் சடசடவென்று விழ ஆரம்பித்துவிட்டது. மழையேதான். பஸ் ஒன்று வந்தது, படியில் ஆட்கள் தொங்கிக்கொண்டு, நிற்காமல் போனது. சீனி ஒரு அடி முன்னால் வந்து மறுபடி பின்னால் போனாள். கொம்பையா கையில் பஞ்சை அமுக்கிக்கொண்டு ஓடிவந்து டிரைவர் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினான். "எறும்பு கூட இதவிட நல்லாக் கடிக்கும்" என்றான். பிறகு கண்ணாடி வழியே அவளைப் பார்த்தான். "டீச்சர் நனையுறாகளே. விரதக்காரக. காய்ச்சல் கீய்ச்சல் வந்தா செவ்வாக்கிழமை சட்டி எப்படி எடுப்பாக." நான் எதையாவது சொல்ல வேண்டுமே என்று, மகளுக்கு நல்ல இடம் அமையட்டும், அம்மன் கண் திறக்கட்டும் என்றேன். கொம்பையா திரும்பி என்னைப் பார்த்தான். "மகளுக்கா? யாரு சொன்னா?" நேர்த்திக்கடன் அதற்குத்தானே என்றேன். அவன் பஞ்சைக் கையிலிருந்து எடுத்துப் பார்த்தான், ரத்தம் இல்லை, திரும்ப ஒட்டிக்கொண்டான். "நானும் அந்தக் கோயிலுக்கு வரி குடுக்கிறவன்தான் டீச்சர். காப்புக் கட்டுறப்ப பூசாரி ஒவ்வொருத்தர்ட்டயும் யார் பேருக்குன்னு கேட்டுச் சத்தமாச் சொல்லித்தான் கட்டுவாரு. நான் பக்கத்துல நின்னேன். சுடர்க்கொடி, ஆயில்ய நட்சத்திரம்னு சொன்னாரு. போன மழைக்கு நீங்க மதுரையில கெடந்தீகள்ல, அன்னைக்கு நேந்துக்கிட்டாகளாம். திரும்ப வேன்ல வந்து உக்காந்தா சட்டி எடுக்கேன்னு." சொல்லிவிட்டு அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. "உங்களுக்குத் தெரியாதா? வெளிய சொல்லக் கூடாதுன்னு இருப்பாகளோ. நான் சொன்னதாச் சொல்லிராதீக."

கிட்னி வந்த பிறகு என் உடம்பில் எது எங்கே இருக்கிறது என்று நான் கவனித்துக்கொண்டே இருக்கிறவள். இப்போது எங்கே வலிக்கிறது என்று தெரியவில்லை. இந்த நாலு நாளும் நான் அந்தக் கயிற்றைப் பார்த்துப் பார்த்து மனத்தாங்கல் பட்டேனே, அந்த முடிச்சில் இருந்தது என் பெயர். ஊசி படக் கூடாது என்று என்னிடமிருந்து தள்ளி உட்கார்ந்தது என் உயிருக்கு நேர்ந்துகொண்டதைக் காப்பாற்ற. பைத்தியக்காரி. காப்பைக் கட்டுவதற்கு முந்தின நாள் போய் ஊசியைப் போட்டுக்கொண்டு வந்திருக்கலாமே, ஒரு நாள் முன்னால், ஒரு எறும்புக்கடி, அது ஏன் தோன்றவில்லை இவளுக்கு. எனக்கும்தான் தோன்றவில்லையே, நாலு நாளாக இதையே அரைத்துக்கொண்டு. கரிசல் வீதியில், நெருப்புச் சட்டியை ரெண்டு கையிலும் ஏந்தி, வெறுங்காலோடு, என் பெயருக்கு. அந்தக் கூட்டத்தில் போய் நின்று பார்க்கக்கூட என்னால் முடியாது. வெள்ளணுவைப் போர்டில் வரைகிற எனக்கு இதில் நம்பிக்கை உண்டா இல்லையா என்று உள்ளே ஒரு குரல் கேட்டது, அதைப் போடி என்றேன். நம்பாமலே அழகர்சாமி சார் எனக்காகக் கையை நீட்டவில்லையா. கண்ணில் தண்ணீர் வந்து முகக்கவசத்துக்குள் இறங்கியது. சந்தோஷமாக இருந்தது. இவ்வளவு பேர் தாங்கிப் பிடித்திருக்க நான் இருக்கிறேன் என்று அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அழகர்சாமி சாரும் ரெஜினாவும் தலையில் கைக்குட்டையும் முந்தானையுமாக ஓடிவந்து ஏறினார்கள். "கண்ணாடிய ஏத்துப்பா, சாரல் அடிக்கி" என்றார் சார். "எறக்குங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "எல்லாக் கண்ணாடியையும் எறக்குங்க. காத்து நல்லா ஓடணும். சீனி டீச்சர் பின் சீட்டுல வருவாங்க, நான் முன்னால உக்காந்துக்கிடுறேன்." நனைந்துவிடுவோமே என்று ரெஜினா என் முகத்தைப் பார்த்தாள். என்ன பார்த்தாளோ, பேசாமல் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினாள். சார் முனகினார், "ஊசியும் போட்டு மழையிலயும் நனையணும், நல்ல வேன் சர்வீஸ்." முனகிக்கொண்டே இரண்டு கண்ணாடியை இறக்கினார். நான் தலையை வெளியே நீட்டி, சீனி டீச்சர் என்று கூப்பிட்டேன். அவள் காதில் கை வைத்தாள். கேட்கவில்லையாம். கேட்டிருக்கும். "வாங்க, ஏறுங்க. பஸ்ஸுல இத்தன கூட்டத்துல இடிபட்டு நீங்க படுத்துக்கிட்டா செவ்வாக்கிழமை என்னாகும்?" என்றேன். செவ்வாய்க்கிழமை என்றதும் அவள் முகம் மாறியது. கொம்பையாவைப் பார்த்தாள். அவன் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஈரச் சேலையோடு வந்து பின் சீட்டின் கோடியில் ஒடுங்கி உட்கார்ந்தாள். "காப்பு அவுத்த மறுநாளே போட்டுக்கிடுறேன் டீச்சர்" என்றாள். சரி என்றேன். வேன் கிளம்பியது. எல்லா ஜன்னலிலும் மழை உள்ளே வந்தது. சாரின் மூக்குக்கண்ணாடி நனைந்து அவருக்கு ஒன்றும் தெரியவில்லை, ரெஜினா முந்தானையை முக்காடாகப் போட்டுக்கொண்டு பாட்டு ஒன்றை முனக ஆரம்பித்தாள், என் முகக்கவசம் ஊறிப்போய் மாற்றுக் கவசத்தைத் தேடி எடுத்துக் கட்டிக்கொண்டேன். யாரும் கண்ணாடியை ஏற்றவில்லை. நன்றி என்ற வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. இத்தனை வருஷம் வராதது இன்றைக்கு மட்டும் வந்துவிடுமா, திரும்ப உள்ளே போய்விட்டது. முன்னால் தொங்குகிற கண்ணாடியில் அவளைத் தேடினேன். மஞ்சள் கயிறு நனையாமல் மணிக்கட்டை மற்றக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சீனி டீச்சர், உங்க நட்சத்திரம் என்ன?" என்று கேட்டேன்.

கண்ணாடியில் அவள் கண் நிமிர்ந்தது. ரொம்ப நேரம் பார்த்தாள். "எதுக்கு டீச்சர்?"

"சும்மாதான் கேட்டேன்."

ரெஜினாவின் பாட்டு நின்றிருந்தது. "கேட்டை" என்றாள். மறந்துவிடக் கூடாதே என்று என் வீட்டு வாசலில் வேன் நிற்கிறவரை நான் அதையே வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். சீனியம்மாள், கேட்டை. சீனியம்மாள், கேட்டை.